சோழபுரத்துப் பிள்ளையின் தொப்பி

இராஜபாளையம்,
திங்கட்கிழமை

என் செல்ல மகள் விஜிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மருமகன் ஜெபினும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போனில் பேசாமல் பார்சலுக்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அன்றைக்கு நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய், மறுபடி பேசினால் நானும் அழுவேன், நீயும் அழுவாய், மாசமாக இருக்கிறவள் அழக்கூடாது, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறையவே இல்லை, எப்படிக் குறையும், ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா வாங்காமல் பஸ் ஏறுவதில்லை.

எங்கள் பின்னல் குழு நன்றாக நடக்கிறது. சனிக்கிழமைதோறும் நம் சபைக் கோயில் ஹாலில் கூடுகிறோம், அடுத்த தெரு யோகேஸ்வரிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறாள், மாசம் நிறையாமல் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுக்கிறோம். ஆரம்பத்தில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லவில்லையே. வடக்கே இருந்து கம்பளி நூல் வரவழைத்து, இந்த வெயிலில் மடியில் போட்டு வேர்க்க விறுவிறுக்கப் பின்னிக் கொண்டுபோனால், நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இது பச்சைப்பிள்ளைக்கு உறுத்தும், பருத்தி நூலில் கொண்டாங்க என்று திருப்பிவிட்டார். ஊரைச் சுத்திப் பஞ்சாலை, நமக்கு இது தோணலியே என்று யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யார் யார் பிள்ளைக்கோ பின்னுதியே, உன் பேரப்பிள்ளைக்கு ஒண்ணு பின்ன மாட்டியா என்றாய். பிறக்கும் முன்னே பிள்ளைக்கு எதுவும் செய்து வைக்கக்கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம், நீ மூடநம்பிக்கை என்பாய், இருக்கட்டும். போன தடவை ஆசை தாங்காமல் ஐந்தாம் மாதமே ஸ்வெட்டர் பின்னினேன், பிள்ளை தங்கவில்லை. அது ஸ்வெட்டரால் இல்லை என்று எனக்குத் தெரியாதா, ஆனாலும் உன் பிள்ளைக்கென்று நினைத்து எடுத்த ஊசியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன் விஜி. மனசில்லாமல் இல்லை, பயம். இந்தப் பிள்ளை முன்கூட்டியே பிறக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொன்னதிலிருந்து தூக்கமும் போய்விட்டது.

இப்படி இருக்கையில் நேற்று முன்தினம் மாரிக்கனி என்று ஒருத்தி, சோழபுரத்துக்காரி, இங்கே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்து, நாங்கள் கொடுத்த தொப்பியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிள்ளை, இப்போது கன்னமும் தொடையுமாக யோகேஸ்வரியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறான். தொப்பி இனி இவனுக்குப் பத்தாது, வேற பிள்ளைக்குக் குடுங்க என்று துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். பார்த்தால் நான் பின்னினது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்கிற பிள்ளை போட்ட பழந்துணியைத்தானே முதலில் போடுவோம், நீயே உன் அத்தை மகன் சட்டையில்தான் கிடந்தாய். இது உன் பிள்ளைக்குக் கிடைத்தால் போதும் என்று ஆசை, தானம் கொடுத்ததைத் திரும்பக் கேட்பதா என்று கூச்சம். யோகேஸ்வரிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகக் கேட்டாள். இதுக்கா இம்புட்டு ரோசனை, எம்புள்ள ராசியான புள்ள, கொண்டு போங்கக்கா என்று மாரிக்கனி அதை அவன் தலையில் ஒரு தடவை வைத்து எடுத்து என் கையில் தந்தாள். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அந்தத் தொப்பிதான் பார்சலில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மறுபடி துவைக்கச் சொன்னால் துவைத்துக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, பனியில் நடக்கும்போது ஜெபின் கையைப் பிடித்துக்கொள், கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காப்பார். பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டால் பயப்படாமல் இதைப் போடு, இதைப் போட்ட பிள்ளை பிழைத்திருக்கிறான். நாள் நிறைந்து பிறந்தால் இது தலையில் ஏறவே ஏறாது. அம்மா, தொப்பி பத்தலை என்று நீ போனில் சொல்ல வேண்டும், அதைக் கேட்கத்தான் தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன்.

உன் மேல் கோபமே இல்லாத அம்மா,
ஜெயபாய்