யாருக்குமில்லாத மூலை

வெஸ்டர்லோ, அயோவா
பிப்ரவரி 4

அன்பு மகள் கொரீனுக்கு,

உலகத்தின் பன்றித் தலைநகரமும் பனிக்காற்றின் பிறந்தகமுமாகிய வெஸ்டர்லோவிலிருந்து, ஒன்பது கற்பனைப் பட்டங்களும் ஒரு நிஜ இடுப்புப் பிடிப்பும் உடைய உன் டெல்மர் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் கோபமும் நலம். அது நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கிறது. பேனா அழுத்திய அழுத்தில் முதல் காகிதம் கிழிந்து மேசையிலும் தழும்பு விழுந்துவிட்டது. உன் சித்தி இன்னும் அதைப் பார்க்கவில்லை.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய்: “இன்னும் நாலு வருஷம் பட்டாளத்துல இருக்கேன்னு கையெழுத்துப் போடறேனா இல்லையான்னு பிப்ரவரிக் கடைசிக்குள்ள சொல்லணும் சித்தப்பா. அடுத்து வர்ற ஜனாதிபதிதான் எங்களை எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணுவாரு. ஓட்டுக் கேட்டு நம்ம ஊருக்கு வர்றவங்கள்ல யாருக்காவது வெளிநாட்டு விவகாரம் தெரியுமா? முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஜனாதிபதி ஆகப்போகிறவர்கள் நம் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துத் தின்கிற ஊர் பூலோகத்தில் இது ஒன்றுதான். இந்தக் குளிர்காலத்தில் காப்பிக் கடைக் கதவைத் திறந்தால் ஒரு வேட்பாளர் மேலே விழுகிறார். கழிப்பறைக் கதவைத் திறந்தால் அவருடைய உதவியாளர்.

நான் கவர்னர் ப்ளேக்லியின் ஆள் என்பது உனக்குத் தெரியும். அவர் ரொபெர்ட்டாவின் காப்பிக் கடைக்கு வந்தார். சிரித்தாரென்றால் காதுகள் இரண்டும் பின்மண்டையில் போய்க் கைகுலுக்கிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “என் அண்ணன் மக அங்க இருக்கா சார். வெளிநாட்டு விஷயத்துல உங்களுக்கு என்ன அனுபவம்?” அவர் என் தோளில் கை போட்டார். “டெல்மர், அனுபவம் கிடக்கட்டும், எனக்கு மனசு இருக்கு. நல்ல ஆலோசகர்களைப் பக்கத்துல வச்சுக்குவேன்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். நீ இருக்கிற நாட்டைப் பற்றிப் பேசப்போய், அதை அடியோடு பெயர்த்து வேறொரு சமுத்திரத்தின் கரையில் கொண்டுபோய் வைத்தார். ஒட்டகத்தில் போனால் ஓர் ஆயுள் ஆகும் தூரம்! ஆனாலும் மன்னித்தேன். நீ போன பிறகுதானே நானும் உலகப் படம் வாங்கினேன்.

அடுத்த வாரம் இன்னொரு வேட்பாளர், செனட்டர் லேத்ராப், தானியக் கிடங்குக்கு வந்தார். வெளியுறவுக் குழுவிலேயே தலை நரைத்தவர். நீ இருக்கும் முகாமின் பெயர், பக்கத்து ஆற்றின் பெயர், அந்த ஆற்றங்கரைத் தலைவருக்கு மாமனார் யார் என்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நான் பிளந்த வாய்க்குள் ஒரு டிராக்டர் திரும்பி வந்திருக்கும். பிறகுதான் எனக்கு உறைத்தது. “இவ்வளவும் தெரிஞ்சவரு நீங்க. படையை அனுப்பலாம்னு ஓட்டுப் போட்டீங்களே, அன்னைக்கும் இதெல்லாம் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும் நண்பரே. அது ரொம்பச் சிக்கலான சூழ்நிலை” என்றார். எப்போது முடியும் என்றேன். அதுவும் சிக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் குழியில் விழுகிறவனைத் தூக்கிவிடலாம். ஆழம் தெரிந்தே ஊரார் பிள்ளையை இறக்கிவிட்டவனை என்ன செய்வது?

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் காக்கஸ், அதாவது கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஊர் கூடிச் சொல்கிற கூட்டம். உனக்கு ஓட்டு வயது வந்ததும் பட்டாளத்துக்குப் போய்விட்டாய், பார்த்ததில்லை. ஓட்டுப் பெட்டியும் கிடையாது, ரகசியமும் கிடையாது. வேட்பாளருக்கொரு மூலை; யாருக்கு உன் ஓட்டோ அவருடைய மூலையில் போய் எல்லோர் கண்ணும் பார்க்க நிற்க வேண்டும். எண்ணுவார்கள். ஆள் குறைந்த மூலை கலைய வேண்டும். பிறகு கலைந்தவர்களை இழுக்கப் பேரம் நடக்கும். நான் கவர்னரின் மூலைத் தலைவன், கையில் உன் சித்தி சுட்ட கேக் டப்பா. செனட்டருக்கு நூலகத்து கிளெண்டா, அவள் கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம். இரண்டு வல்லரசுகள்!

நடுவில், எந்த மூலைக்கும் போகாமல், தொப்பியைக் கழற்றாமல் உன் அப்பா. வருஷத்துக்கு ஏழு வார்த்தை பேசுகிற மனுஷர், அதிலும் நாலு பன்றிகளோடு.

கிளெண்டாதான் ஆரம்பித்தாள்: “வெர்லின், கொரீனுக்காகவாவது விஷயம் தெரிஞ்ச மனுஷன் பக்கம் வாங்க. குட்டி போட முடியாம பன்னி கிடந்தா டாக்டரைக் கூப்பிடுவீங்களா, பாட்டுக்காரனைக் கூப்பிடுவீங்களா?” நான் விடுவேனா? “அந்த டாக்டர் கை வச்ச மூணு பன்னியும் செத்துப்போச்சே கிளெண்டா!” கூடமே சிரித்தது. கூரையிலிருந்த பனி சரிந்தது.

உன் அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “டேய் டெல்மர். உன் ஆளு அவளை என்ன பண்ணுவான்?”

மகளே, கவர்னரின் தேர்தல் அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: யாராவது போரைப் பற்றிக் கேட்டால் ஆலோசகர்கள் என்று சொல், உடனே பேச்சைச் சோள எரிபொருளுக்குத் திருப்பு. நான் வாயைத் திறந்தேன். கூடப் பிறந்த அண்ணனிடம், உன்னைப் பற்றிக் கேட்டவரிடம், என் வாய் சொன்னது: “நல்ல ஆலோசகர்களை வச்சுக்குவாரு அண்ணே. அப்புறம், சோள எரிபொருள் விஷயத்துல பார்த்தீங்கன்னா...”

“போடா” என்றார். அவ்வளவுதான்.

நேராக நடந்துபோய், யாருமே நிற்காத கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தனியாக நின்றார். கூட்டத்தை நடத்திய பல் டாக்டர் மெர்ல் குரல் கொடுத்தார்: “வெர்லின், அது யாரு மூலை?” “யாருதும் இல்ல.” “அப்படி நிக்கலாமா?” “சட்டம் இருக்குல்ல, பாரு.” மெர்ல் கண்ணாடியைத் தேடிப் படித்தார். நிற்கலாம்! யாரும் வேண்டாம் என்று நிற்கிறவர்களும் ஒரு கூட்டம்தானாம்; ஆள் சேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதிநிதி உண்டாம். எனக்கு நினைவு தெரிந்து நம்மூரில் ஒருத்தரும் நின்றதில்லை.

தீவனக் கடை ராயல் கத்தினான்: “வெளிநாட்டுச் சங்கதி நமக்கெதுக்கு வெர்லின்? சோள விலையைப் பாருய்யா!”

அதுவரை எனக்குள் எரிந்தது அடுப்பு. அதற்கப்புறம் எரிந்தது காடு. “உன் சோளத்தை எவனாவது துப்பாக்கியைக் கொடுத்துப் பாலைவனத்துல நிக்க வச்சிருக்கானாடா ராயல்?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மாவட்டத்தில் கோழிகள் முட்டையிட்டிருக்கும். சட்டையில் குத்தியிருந்த, கவர்னர் பெயர் போட்ட வில்லையைப் பிய்த்தேன், கூடவே சட்டைப்பையும் வந்துவிட்டது. நடந்துபோய் அண்ணன் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடம் மட்டும் விட்டார். உன் சித்தி கேக் டப்பாவோடு வந்தாள். பிறகு ரொபெர்ட்டா. பிறகு கிளெண்டாவின் கணவன். கிளெண்டா வரவில்லை, ஆனால் அவனைத் தடுக்கவும் இல்லை. மெர்ல் எண்ணி முடித்தபோது எங்கள் மூலை நிலைத்துவிட்டது. எங்கள் பிரதிநிதி உன் அப்பா. மார்ச் மாதம் மாவட்ட மாநாட்டில் எழுந்து பேச வேண்டும். அதை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். ஒருவருக்குத் தெரியாது, வெட்கமுமில்லை. இன்னொருவருக்குத் தெரியும், அவருக்கும் வெட்கமில்லை. அனுபவம் வேண்டுமா என்றால் வேண்டும்தான். கொட்டகை போட வருகிறவனிடமே இதுவரை எத்தனை போட்டாய் என்று கேட்கிறோம். ஆனால் போட்டவை நிற்கின்றனவா என்று போய்ப் பார்த்துவிட்டல்லவா முன்பணம் கொடுக்கிறோம்? உன் விஷயத்தில் மட்டும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.

கையெழுத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்று உன் அப்பாவின் கட்டளை. “அது அவ முடிவு. நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றார். ஆகவே எழுதவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் உலகத்தில் எனக்கு நிகர் கிடையாது.

வேறொரு சின்னச் செய்தி மட்டும். பிரதிநிதிக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, பேச நா எழாமல் போனாலோ, அவருக்குப் பதிலாக நிற்க ஒரு மாற்றுப் பிரதிநிதி வேண்டுமாம். யார் என்று மெர்ல் கேட்டார். நான் முந்திக்கொண்டு உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன் ஓட்டு இன்னும் நம் ஊரில்தானே இருக்கிறது! ஆனால் மாற்றுப் பிரதிநிதி நேரில் வந்து நிற்க வேண்டுமாம். தபாலில் நிற்க முடியுமா என்று கேட்டேன், முடியாதாம். தொலைபேசியிலும் முடியாதாம். மெர்ல் எழுதிய பெயரை உன் அப்பா வெகுநேரம் பார்த்தார். அடித்துவிடு என்று சொல்லவில்லை.

கடவுள் உன்னை அங்கேயும் காப்பாற்றட்டும். வெளிநாட்டு அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான். மாநாடு மார்ச் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, காலையில். உன் அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். நீ வருகிறாயா என்று மட்டும் எழுது, கண்ணு.

உன் அன்புச் சித்தப்பா,
டெல்மர் டியாடன்