இரண்டு முறையும் சௌக்கியம்

ஜும்லா மலை மாவட்டம்

அம்மாவின் பாதங்களுக்கு மகள் பினிதாவின் வணக்கம். நான் இங்கே சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மனச்சோர்வை அளக்க நாங்கள் தயாரித்த கேள்வித்தாளைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வார இடைவெளியில், அதே ஆளிடம் அதே கேள்விகள். இந்த ஊர் ஜௌகலா அக்கா முதல் முறை, "எல்லாம் சௌக்கியம்" என்றாள். மறுபடி போனபோது வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் கணவர் இறந்துவிட்டாராம். அப்போதும் அதே பதில்தான்.

தாளை மட்டும் பார்த்த எங்கள் அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, பதில் மாறவே இல்ல! நம்பகமான கேள்வித்தாள்!" என்றார். நம்பகம் சரி, அது எதை அளந்தது அம்மா?

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?" என்று அவளிடமே கேட்டேன்.

"வீடு தேடி வந்து நலம் கேக்குறவகிட்ட வேற என்னத்தச் சொல்றது, நானி, என் மகளே? நீ மட்டும் உங்கம்மாவுக்கு வேற மாதிரியா எழுதுற?" என்று சிரித்தாள்.

உலர்த்திய கீரை கொஞ்சம் அனுப்பு. அப்பாவின் துணிகளைத் தானம் கொடுக்கும்போது அந்தச் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை மட்டும் எனக்கு எடுத்து வை. துவைத்துவிடாதே.

கடிதம் கொண்டுபோகும் ஜீப்காரர் கூப்பிடுகிறார். மேலே சௌக்கியம் என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் நம்பாதே அம்மா.

பினிதா