நீரஜாவுக்கு வந்த சாமி

செங்கமலம், நான் பயந்துபோய் ஸ்டூடியோ கதவைத் தொறந்தேன்னு உன் தம்பி சொன்னா நீ நம்பிடுவியா? ஓணானைப் பார்த்து எருமை மேல ஏறினவன் அவன். உன் முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் கீறேன்.

நான் வாட்ச்மேனா இருக்கற தி.நகர் ஸ்டூடியோவுல ஒரு மெட்டல்கோர் பேண்டு முதல் ஆல்பம் பண்ணிக்கினு கீது. பாடறது மயிலாப்பூர் பொண்ணு நீரஜா. பாட்டா அது, ஒரே அலறல். நேத்து அலறின அலறலுக்கு, பொண்ணு மேல சாமி வந்துடுச்சின்னு துன்னூறோட உள்ள பூந்து, நம்மூர்ல கேக்கற மாதிரியே கேட்டுட்டேன்: "யாரும்மா நீ? உனக்கு இன்னா வேணும்?"

அலறலை நிறுத்திட்டு சொல்லிச்சு: "எங்கம்மா ஒரு தடவை வந்து கேக்கணும்."

அத்தனையும் ரிக்கார்டாயிடுச்சு. அம்மா பாட்டு டீச்சராம். இந்தக் கூச்சல் ஆரம்பிச்சதுலேருந்து பொண்ணோட பேச்சே இல்லையாம். அவ சொன்னது ஆல்பத்துல அப்படியே இருக்கட்டும்னு பேண்டு பசங்க சொல்றாங்க, அழிச்சிடுன்னு இவ சொல்றா. சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணணும். காலையிலேருந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கல.

நான் சொல்லச் சொல்ல இந்தக் கடுதாசியை எழுதறதே நீரஜாதான். "தாத்தா, இதெல்லாமா எழுதணும்?"ங்கறா. "எழுதும்மா. அழிக்கறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு. அவங்களுக்கு சாமி வந்தா நான் பார்த்துக்கறேன்"னேன்.

இனிமே என் கையெழுத்து, சிரிக்காதே. பேனாவை வச்சிட்டு, போனைக் காதுல வச்சிக்கினு தெருவுக்குப் போயிட்டா. அம்மாகிட்ட பேசறாளா, ரிங்குதான் போவுதான்னு இங்கேருந்து தெரியல. போத்திக்க உன் பழைய பொடவை ஒண்ணு அனுப்புன்னு எழுதச் சொல்ல வந்தேன், அதுக்குள்ள எழுந்து போயிட்டா.