ஐந்தடிப் பள்ளம்

ஜூலை 23
காலையிலிருந்தே புழுக்கம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. ஆனால் வரைபடம் முடிந்தது. நாலு சார்ட், விரல் முழுக்கப் பென்சில் கரி.

எங்கள் தெருமுனையில், கொள்ளிடக்கரையை ஒட்டிய கார்ப்பரேஷன் காலி மனைக்கு ஒரு கலைக்கூட வரைபடம். போன மாதக் கூட்டத்தில் கவுன்சிலரம்மா சொன்னது: "ஒண்ணு கலைக்கூடம், இல்லன்னா வேன் பார்க்கிங். கலைக்கூடம் வேணும்னா பிளான் குடுங்க, பாக்கலாம்." பெரியவர்கள் யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கிறேன்.

வரைபடத்தில் இருப்பவை:
– நடுவில் ஐந்தடி இறங்கும் வட்ட மேடை, சுற்றிலும் படிகள். லைப்ரரி புத்தகத்தில் பார்த்தது. மண்ணுக்குள் இருப்பதால் குளுமை, ஏ.சி. வேண்டாம்
– காற்றுக்கு ஓட்டை விட்ட செங்கல் சுவர்
– கூரை மழைநீர், தொட்டிக்கு
– மடக்குக் கதவு. திறந்தால் கும்மி, மூடினால் பரீட்சைக்குப் படிக்க அறை
– தோழி நஸ்ரீனும் நானும் போடும் நாடகத்துக்குச் சாமான் அலமாரி
– பெண்கள் கழிப்பறை 2. ஜெயாக்கா முதலில் கேட்டது இதைத்தான்

ஜெ.அக்கா கும்மிக் குழு மொத்தம் ஒன்பது பேர். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். தினமும் ஆறு மணிக்கு அந்த மனையில்தான் பயிற்சி. "வீட்ல ரெண்டு கைய நீட்டுனா பீரோல இடிக்குது பாப்பா. இங்கதான் சுத்த முடியுது."

ஜூலை 25
வெயில். கார்ப்பரேஷன் இன்ஜினியர் வந்தார். வரைபடத்தை ஸ்கூட்டர் சீட்டில் விரித்துப் பார்த்தார். "நீயா போட்டே? நல்லாருக்கே." எனக்குக் காது சூடானது.

பிறகு: "அஞ்சடி இறங்குதுன்னு போட்டிருக்கே. அப்ப மண்ணு பாக்கணும்ல." இரண்டு பேர் குழி தோண்டினார்கள். மணல், மணல். எவ்வளவு சுலபமாக இறங்குகிறது. ஜனவரி வரை நாங்கள் இருந்த பொன்மலை குவார்ட்டர்ஸில் கடப்பாரை போட்டால் பாறையில் டங் என்று எகிறும். அப்பா வாழைக்கன்று வைக்கவே இரண்டு நாள்.

மனுவில் குழு சார்பாக ஜெ.அக்கா கையெழுத்து. பேனாவை இறுக்கிப் பிடித்து, நிதானமாக.

ஜூலை 26
குழியில் தண்ணீர். முழங்கால் அளவு.

மழை இல்லை. யாரும் ஊற்றவில்லை. கொள்ளிடத்தில் நாலு நாளாகத் தண்ணீர் ஓடுகிறது, அது அடியில் ஊறி வந்துவிட்டது. நான் வந்ததிலிருந்து கொள்ளிடம் என்றால் வெறும் மணல்தான்.

இன்ஜினியர் போட்டோ எடுத்தார். "கட்டடத்துக்கு லாயக்கில்லன்னு எழுதிடுறேன்மா. பார்க்கிங்னா கிராவல் கொட்டுனா போதும்."

ஜெ.அக்கா குழியை எட்டிப் பார்த்தார். "ஆத்துல தண்ணி வந்தா எங்க வீட்டு பாத்ரூம்லயே ஊறும் பாப்பா."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலியே. மேடை வேணுமா, லைட் வேணுமான்னுதான கேட்டே."

உண்மை. நோட்டில் இருபத்திரண்டு கேள்வி. தரையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜூலை 27
சாப்பிடவில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்றேன்.

மேடையைத் தரைக்கு மேல் வரைந்திருந்தால் அங்கே குழியே தோண்டியிருக்க மாட்டார்கள். வரையாமலே இருந்திருந்தால் இன்னும் பேசிக்கொண்டாவது இருப்பார்கள். அந்த மனையைக் கெடுத்தது பார்க்கிங் கேட்டவர்கள் இல்லை. நான்.

நஸ். போனில்: "ஏய், நீ என்ன காவேரியையா தொறந்துவிட்டே? ஓவரா பண்ணாத." சிரிக்க வரவில்லை.

ஜூலை 29
லைப்ரரி. ஈர மண்ணிலும் கட்டலாமாம். ஆழமாகத் தூண் இறக்கி, தரையை உயர்த்தி. அதே கலைக்கூடம், தரைக்கு மூன்றடி மேலே, சரிவுப் பாதையோடு. நாற்பது பக்கம் தள்ளி அதே புத்தகத்தில் இருந்தது. நான் படம் பிடித்த பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஸ்கூலுக்கு லீவு போட்டு வரைகிறேன்.

ஜூலை 31
அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். கார்ப்பரேஷன் ஆபீஸ். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். இன்ஜினியர் முழுதாகப் பார்த்தார், அதுதான் இன்னும் கஷ்டம். "இது முதல்லயே வந்திருந்தா வேற. ஃபைல் மேல போயிடுச்சும்மா. பதினெட்டாம் பெருக்குக்கு வண்டி நிக்க எடம் வேணுங்கிறாங்க."

அப்பா, "பொண்ணு ரொம்ப மெனக்கெட்டிருக்கு சார்" என்றார். அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

பைக்கில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் அத்தனை கூட்டம், நிறைந்த ஆற்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1
கிராவல் லாரி, மூன்று நடை. முதல் நடையிலேயே குழி மூடிவிட்டது. கெமிஸ்ட்ரி டெஸ்ட், 11/25.

ஆகஸ்ட் 3
பதினெட்டாம் பெருக்கு. வேன்கள் தெரு வரை. ஜெ.அக்கா வழியில் பார்த்து, "சாப்டியா பாப்பா?" என்று மட்டும். திட்டியிருக்கலாம்.

கூட்டம் போனதும் எடுத்துவிடுவார்கள் என்கிறாள் நஸ்.

ஆகஸ்ட் 6
எடுக்கவில்லை. மஞ்சள் போர்டு, சங்கிலி, வாட்ச்மேன். ஆறு மணிக்குப் போனேன், புது வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு. ஜெ.அக்காவுக்காவது காட்டலாம் என்று. ஏழு வேன், ஒரு டூரிஸ்ட் பஸ். ஒன்பது பேரில் ஒருவரும் இல்லை. ஆறேமுக்கால் வரை நின்றேன்.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். "எந்த வண்டிம்மா உன்னுது?"