யன்னல் பங்கு

பருத்தித்துறை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் தனுஷாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். 'மாருதம்' கப்பலில் நீயும் உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வள்ளிபுர ஆழ்வார் துணை. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நீ பூமியை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கடிதங்களும் மெதுவாகின்றன. இதை நீ வாசிக்கும்போது விசாரணை முடிந்திருக்கும். உன்னைக் கப்பலிலேயே வைத்திருக்கிறார்களா, சாமான் கொண்டுவரும் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார்களா என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். கரையில் இருந்து வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து முழுவதையும் வாசித்தேன். கீழ்த்தட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் உங்கள் எட்டுப் பேருக்கும் யன்னல் இல்லை. வேலை செய்த நாளுக்கு ஏற்ப, மேல்தட்டு யன்னலில் ஆளுக்குக் கொஞ்ச நேரம். கொதிநீர்க் குழாயில் கை வெந்து படுத்த சிமியோனுக்கு வேலை இல்லை, அதனால் யன்னலும் இல்லை. பூமி உருண்டையாகத் தெரிகிற கடைசிக் கிழமை. அதற்குப் பிறகு அதுவும் வானத்து வெள்ளிகளில் ஒன்று. நீங்கள் ஏழு பேரும் உங்கள் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் அவனுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு விதியில்லை என்றார் மேற்பார்வையாளர். நீ அவனை யன்னலடியில் இருத்திவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றாய். வாசித்து முடித்தேன். அப்பா ஊசியை விடவில்லை. ஒன்றுதான் கேட்டார், "அந்தப் பெடியன் பாத்தவனோ?" பார்த்தான் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். "பிறகென்ன" என்றார். மறுபடி பின்னத் தொடங்கினார். அதே கண்ணியைத் திரும்பத் திரும்பப் பின்னினார்.

அன்று இருட்ட முன்னமே கரை முழுக்கச் சொல்லிவிட்டார். வள்ளத்தில் அவரோடு போகிற லோஜன் விடவில்லை, "அண்ணை, இஞ்சை நீங்கள் வள்ள முதலாளி சம்மாட்டியோடை சண்டை, அங்கை மோள் கப்பல்காரரோடை சண்டை, உங்கடை குடும்பத்துக்கு ஆகாயத்திலையும் இடமில்லாமப் போகப்போகுது" என்றானாம். அதே வள்ளத்துச் சூசைதாசன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "மோளைப் பெத்தது நீ, உந்தக் குணத்தைப் பழக்கினது நான்" என்று அப்பாவோடு வாதாடினாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வள்ளம் இழுக்கும்போது அப்பாவின் கால் முறிந்த வருஷம் நீ பள்ளியில் ஒன்பதாம் ஆண்டு. தினமும் காலையில் படலையில் ஒரு பை தொங்கும். மீன். அப்பா கடலுக்குப் போகவில்லைத்தானே, ஏன் மீன் என்று சூசைதாசன் அண்ணையை நீதான் மறித்துக் கேட்டாய். "வள்ளம் போனதுதானே பிள்ளை, கொப்பரும் வள்ளத்திலை ஒரு ஆள்தானே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். நீ அந்தப் பையைப் பிடித்தபடி கனநேரம் நின்றாய். நான் பல்கலைக்கழகத்தில் நீதி பற்றி எவ்வளவோ வாசித்தேன். பரீட்சை எழுதினேன். ஒரு கதவை மறித்ததில்லை.

முன்வீட்டு ஞானாம்பிகை அக்கா இன்னமும் உன்னைக் கப்பல் கப்ரின் என்றே நினைத்திருந்தா. "தண்ணிக் குழாய் கழுவுறவள், அக்கா" என்று ஒழுங்கைச் சனமெல்லாம் கேட்கச் சொன்னேன். சொல்லும்போது என் கழுத்து நிமிர்ந்தது. விசாரணையில் என்ன சொன்னாயோ. கதவை மறித்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தால் சரி. மேற்பார்வையாளரும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை, மேலே பதில் சொல்ல வேண்டியவர். யன்னலைப் பங்கு வைத்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டாய்.

ஒன்றை மறைக்க முடியவில்லை. திருப்பி அனுப்பக்கூடும் என்று நீ எழுதிய வரியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. உன் அறையைக் கூட்டினேன். தலையணை உறையை மாற்றினேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார். "வந்தா வரட்டும். வரவேணும் எண்டு கும்பிடாதை" என்றார். சொல்லிவிட்டு அவரும் உன் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டார். இன்று வள்ளிபுரக் கோயிலுக்குப் போனேன். உன் பெயரைச் சொன்னேன். சிமியோனின் பெயரையும் சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் மணலில் நடந்து வந்தேன். உன் நேரத்தில் கொஞ்சத்தை அவனுக்குக் கொடுத்தாயே, மீதியில் நீ பார்த்தாயா? அதை மட்டும் எழுதவில்லை. எழுது.

நேற்றுக் காலையில் படலையில் பழையபடி ஒரு பை தொங்கியது. இரண்டு கட்டா மீன். அப்பாவின் பங்கு அப்பாவின் கையிலேயே வந்திருந்தது. இது என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். ஆட்களுக்குப் பங்கு பிரிக்கும்போது லோஜன் ஒரு கூறு கூடுதலாக வைத்தானாம். எண்ணத் தெரியாதோ என்று சூசைதாசன் அண்ணை ஏசியிருக்கிறார். "தனுஷாவும் கடலுக்குப் போனவள்தானே" என்றானாம். ஒருவரும் மறுக்கவில்லை. நான் அதைக் கறி வைக்கவில்லை. கீறி, உப்புப் போட்டு, கருவாட்டுக்கு வெயிலில் வைத்திருக்கிறேன். கருவாடு காத்திருக்கும்.

எங்கே இருந்தாலும் நல்லாயிரு, மோள். நின்ற மாதிரியே நில். திருப்பி அனுப்பியிருந்தால் வந்து சாப்பிடு. அங்கேயே வைத்திருந்தால், அடுத்த சாமான் கப்பலில் கருவாடு ஏற்ற விடுவார்களா என்று கேட்டு எழுது. மூடிய காற்றில் அந்த மணத்துக்கு உன் மேற்பார்வையாளர் இன்னொரு விசாரணை வைப்பார், வைக்கட்டும். சுடும்போது அவரையும் கூப்பிடு. சிமியோனுக்கு நடுத்துண்டு.

உன் அம்மா,
கே. உதயகலா