பதில் குரல்

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சின்னவளும் நலம். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் அண்ணன் என்பாயே, அவர் நலமா என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை அது.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். "அவனைத் திட்டி மட்டும் எழுதிராதீங்க, ஏற்கெனவே பாதி ஆளாயிட்டான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் திட்டுவேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனவனைத் திட்டாமல் என்ன செய்வது?

போனில் பேசலாம்தான். முதலில் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் "சரி அண்ணி, ஆமா அண்ணி" என்பாய். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆகவே கடிதம்தான் சரி. உட்கார்ந்து கடைசி வரை படி.

வீட்டுச் செய்தி. அதே மூன்றாவது மாடிதான், அதே சமையலறை ஜன்னல்தான். நீ சரிபண்ணிக் கொடுத்த குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, உன் கைராசி அப்படி. சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதாவது புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். உன் டிபன் டப்பா இங்கேதான் இருக்கிறது. அதில் யாரும் எதுவும் போட்டு வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அந்த விபத்தின் விசாரணை முடிந்ததிலிருந்து அவரை ரயில் ஷெட் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். யார் எந்த வண்டிக்கு என்று எழுதிப் போடும் வேலை. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று அடுப்பை நோக்கி விரலை நீட்டி, "கேஸ் மூடியிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சின்னவள்தான் விளையாட்டாக, "மூடியிருக்கு" என்றாள். உடனே நகர்ந்து போய்விட்டார்.

அப்புறம் கதவு, ஃபேன், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் அதே கதை. இவர் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். உங்கள் வண்டிச் சட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். எனக்குத் தெரிந்த அளவில் அந்தச் சட்டம் இதுதான்: சிக்னலைப் பார்த்து டிரைவரான இவர் நிறத்தைச் சொல்ல வேண்டும், உதவி டிரைவரான நீ உன் கண்ணால் பார்த்துவிட்டு அதையே திரும்பச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கை நகர வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் திருத்து.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனதை ஒரே இடத்தில் நிறுத்திப் பழகச் சொல்லி, போனில் ஏதோ போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பெண் தேன் ஒழுக, "மூச்சை உள்ளே இழுங்கள்" என்கிறாள். இவர் விரலை நீட்டி, "மூச்சு உள்ளே" என்றார். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள், இவரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் நினைப்பதற்குள், நடுவில் செருப்பு விளம்பரம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகிற இடத்தில் தினமும் நிற்கிறார். யாரோ குறுக்கே போவது போலவும், அவருக்கு வழி விடுவது போலவும். யார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். ஒரு நாள் அவராகவே சொன்னார், "முகம் தெரியல. முதுகு மட்டும்தான் தெரியுது. ஆரஞ்சு சட்டை." அதற்குப் பிறகு, தம்பி, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், நானும் அந்த இடத்தில் நின்றுதான் போகிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். நான் படுத்துக்கொண்டு போனில் யார் யாரோ வீட்டுக் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலிலிருந்து, "கேஸ் மூடியிருக்கு" என்று அவர் குரல். "மூடியிருக்கு" என்றேன். படுத்த இடத்திலிருந்தே, தலையைக்கூடத் திருப்பாமல். அவரும் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை. சிறு தீயில் வைத்த பால் வற்றி, பாத்திரம் கருகி, பிடி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீ பார்க்கல" என்றார். கோபம் இல்லை. கருகிய பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "நானும் பார்க்கல. விரல் நீட்டினேன், வாய் சொல்லிருச்சு" என்றார். அப்புறம் அழுதார். இத்தனை மாதமாக விபத்தைப் பற்றி வாயே திறக்காதவர் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த வளைவுக்கு முன்னால் இருந்த சிக்னல் பச்சைதான். ஹாரன் அடித்ததும் பதிவாகியிருக்கிறது. தண்டவாளத்தில் வேலை பார்த்த, உங்கள் வண்டியில் அடிபட்டு இறந்த அந்த மனிதர் ஆரஞ்சு சட்டையோடு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். உங்கள் இருவர் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை இவர் மறுக்கவில்லை. இவருக்கு வேண்டியது வேறு. அந்தப் பச்சையை எவ்வளவு தேடினாலும் மனதில் கிடைக்கவில்லையாம். பச்சை என்று சொன்னது நினைவிருக்கிறது, நீ திருப்பிச் சொன்ன குரல் நினைவிருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை. "மூணு பேர் இருந்தோம். ஒருத்தருமே அங்க இல்ல" என்றார். உன் பெயரைச் சொல்லிக் குறை சொல்லவில்லை, தம்பி. நீ பார்த்திருப்பாய் என்று நம்பத்தான் பார்க்கிறார். ஒரு ஜோடிக் கண்ணாவது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது என்றால், யாராலும் அந்த மனிதரை இன்னும் முன்னதாகப் பார்த்திருக்க முடியாது என்று ஆகிவிடும் அல்லவா?

அன்றிலிருந்து நான் போனை பீரோ மேல் வைத்துவிடுகிறேன். அவர் சொன்னதும் எழுந்து போய், அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நம்ப மாட்டாய், அந்த அடுப்பின் ஒரு திருகு விரிசல் விட்டிருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பார்க்கிற நேரத்தில் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. பயம் இல்லை, சின்னவளின் பரீட்சை இல்லை, ஆரஞ்சு சட்டைகூட இல்லை. நாள் முழுக்க அலைகிற என் மனது அப்போது கொஞ்சம் உட்காருகிறது. அவருக்கும் அது தெரிகிறது போலிருக்கிறது. கதவையும் ஃபேனையும் விட்டுவிட்டார். பகலில் நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் சமையலறை ஜன்னலில் போய் நிற்கிறார். அங்கிருந்து தூரத்துச் சிக்னல் தெரியும், நீயும் பார்த்திருக்கிறாய். விரலை நீட்டி, "பச்சை" என்கிறார். நான் பக்கத்தில் போய் நின்று, ஒழுங்காகப் பார்த்து, "பச்சை" என்றேன். "இது உனக்கில்லம்மா" என்றார், தன்மையாகத்தான். தன் வலது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டுத்தான் நிற்பார். அந்த இடத்தில் என்னை நிற்க விடுவதில்லை.

எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் அவர் "பச்சை" என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரல் "பச்சை" என்றது. சின்னவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "சித்தப்பா வந்துட்டாரா?" என்றாள். போய்ப் படி என்று அதட்டினேன். ஆனால் எனக்கும் கேட்டது. உன் குரல்தான். அதே அவசரம்தான். அண்ணன் சந்தோஷப்படவில்லை. வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவன் இன்னும் பார்க்காமலேயே சொல்றான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த மாதம் மறுபடியும் வண்டி ஏறச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பக்கத்தில் யாரோ புதியவர். போக மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றால் வேறு பேச்சை எடுக்கிறார். வண்டிக்குள்ளும் அந்தக் குரல் வந்து, புதியவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் இவர் கை என்ன செய்யும்? வண்டியில் வருகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

தம்பி, அன்றைக்கு நீ பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு வரி எழுதிப் போடு, போதும். அவர் மனம் ஆற அது போதும். பார்க்கவில்லை என்றால் எழுதாதே. அவரைத் தேற்றுவதாக நினைத்து ஒரு பொய்யை மட்டும் அனுப்பிவிடாதே, உன் குரலில் அவருக்கு அது தெரிந்துவிடும். பார்க்கவில்லை என்றால் நேரில் வா. நீயும் அங்கே ராத்தூக்கம் இல்லாமல்தான் இருப்பாய் என்று உன் அம்மா சொல்லாமலே எனக்குத் தெரியும். ஒரே பாரத்தை இரண்டு ஊரில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கமாக ஏன் சுமக்கிறீர்கள்?

எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன். கதவு திறந்துதான் இருக்கும். பொழுது சாயும் நேரத்துக்கு வா. கூடத்தைத் தாண்டும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அந்த ஆரஞ்சு சட்டைக்காரர் போன பிறகு வா. சமையலறைக்குள் போய் அண்ணனுக்கு வலது பக்கம் நில். அந்த இடத்தை அவர் உனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறார். அவர் சொல்லட்டும். நீ அவசரப்படாதே. நன்றாகப் பார். பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. நீங்கள் இரண்டு பேருமே நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி