என் லாட்ஜை விட்டு உன் வீட்டுக்கு

ஏற்காடு,
20.4.2025

அன்புள்ள மேகலாவுக்கு,

அக்கா சுதாராணி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். நீங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறீர்கள், கேள்விப்படுகிறேன். போனில் பேசலாம் என்றால் பின்னால் உன் மாமியார் இருமும் சத்தம் கேட்கிறது. உன்னிடம் சொல்வதெல்லாம் அந்த அம்மாளுக்கும் சேர்த்துச் சொன்னது போல் ஆகிவிடுகிறது. அதனால் எழுதி, கரடியூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வாணியம்பாடி நிலோஃபர் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் என் லாட்ஜில்தான் தங்கும். உனக்கே தெரியும். நேற்று அவர்களை ஏரிக்கரையில் பார்த்தேன். ஆளுக்கொரு சோளக்கருது கையில். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், நிலோஃபர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க தங்கச்சி வீட்டுல தங்கியிருக்கோம்க்கா. அங்க எங்களுக்குத் தோதா இருக்கு" என்கிறாள்.

என்னிடம் என்ன தோது இல்லை? ஏரி தெரியும் ஜன்னல் இருக்கிறது, சுடுதண்ணீர் இருக்கிறது, ரூமுக்கு ரூம் டிவி இருக்கிறது. உன்னிடம் இருப்பது மூன்று அறையும் நாலு மிளகுக்கொடியும். வந்து தங்கியவர்கள் உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் போனில் படித்தேன். "மேகலா ஆன்ட்டி எங்கள் அம்மா மாதிரி" என்று காலேஜ் போகும் பையன் ஒருவன் எழுதியிருக்கிறான். உன்னை ஆன்ட்டி என்றது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

வயிறு எரிகிறது மேகலா, மறைத்து என்ன ஆகப்போகிறது. என்ன வசியம் வைத்தாய் என்று எழுது.

உன் அக்கா,
சுதாராணி

*

கரடியூர்,
24.4.2025

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை, பயப்பட வேண்டாம்.

வசியம் எதுவும் இல்லை அக்கா. போன வருஷம் சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா தொழுகைக்கு முன்னால் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவப் போய் வழுக்கிவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. "உங்களுக்கு எப்புடி இருந்தா சௌகரியமுங்க?" என்று கேட்டேன். உட்கார்ந்து கை கால் கழுவ ஒரு கல்லும் தாழ்வான குழாயும் போதும் என்றார். போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வருகிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். தொழும் திசைக்கு அலமாரியில் ஒரு சின்ன அம்புக்குறி ஒட்டினேன். அந்தச் சுவரில் மட்டும் படம் எதுவும் மாட்டுவதில்லை. கக்கூஸில் தண்ணீர்க் குழாய் வைத்தேன். கறி பஜாரில் பாய் கடையில் வாங்குகிறேன், அதற்கென்று தனிச் சட்டி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். சனிக்கிழமையானால் உங்கள் மொட்டைமாடியில் குடிக்கிறார்கள். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே இருக்க நிலோஃபர் பயந்திருக்கிறாள்.

ஐஸ்வர்யா பெரியவளான சீருக்கு வந்து போனதற்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. வேலை அதிகமா? ஐஸ்வர்யா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் தங்கை,
மேகலா

*

ஏற்காடு,
28.5.2025

மேகலாவுக்கு,

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். குழாய் போட்டேன், கல் போட்டேன். உன் கல் சாதாரணக் கல், நான் கிரானைட் போட்டேன். மாடியைப் பூட்டினேன். பெங்களூர்ப் பையன்கள் கோபித்துக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போனார்கள், போகட்டும் என்றேன். நிலோஃபருக்கு நானே போன் செய்தேன். தன் நாத்தனார் குடும்பத்தை அனுப்பிவைத்தாள். மூன்று நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கிடா வெட்டு. இந்த வருஷம் என் கிடா. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் முதல் தடவையிலேயே உடம்பை உதறி உத்தரவு கொடுத்தது. போன வருஷம் பக்கத்து வீட்டுக் கிடாவுக்கு மத்தியானம் வரை தண்ணீர் ஊற்றினார்கள். என் கிடாவின் நல்ல கறியாகப் பார்த்து அவர்களுக்கென்று எடுத்து, நீ சொன்ன மாதிரியே புதுச் சட்டியில் குழம்பு வைத்தேன். "கடைக் கறி இல்லீங்க, சாமிக்கு வெட்டுனது, நொம்பச் சுத்தம்" என்று நானே பரிமாறினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைகள் கையைக்கூட வைக்கவில்லை. பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள் காலை ஜீப் பிடித்துக் கரடியூர் போய்விட்டார்கள். நீயும் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டிருப்பாய்.

வேலை அதிகமா என்று கேட்டிருந்தாயே, இப்போது சொல்கிறேன். உன் மகள் சீருக்கு அடிவாரம் வரை போய்ப் பூ வாங்கி வந்தவள் நான். தட்டைத் தூக்கப் போனபோது உன் மாமியார், "புருசன் உட்டுட்டுப் போனவ முன்னால வர வேண்டாம்" என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். நான் பின்கட்டில் போய்ப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

யாரோ ஊர்பேர் தெரியாதவர்களுக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறாய். உன் வீட்டு விசேஷத்தில் நான் எங்கே நிற்பேன் என்று கேட்டாயா? அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. உன்மேல் இருக்கும் பொறாமையை விட அதுதான் பெரிது.

இனி எழுத மாட்டேன்.

சுதாராணி

*

கரடியூர்,
3.6.2025

அக்காவுக்கு,

முதலில் கறி விஷயம். அந்தச் சாமி இந்தச் சாமி என்று அவர்களுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. வேறு தெய்வத்துக்கென்று வெட்டியதை அவர்கள் சாப்பிடக் கூடாது, மார்க்கத்தில் அப்படி. உங்களுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் குடும்பத்துக்குத் தருவதை அவர்களுக்குத் தந்தீர்கள் என்று அவர்களுக்கும் புரிந்துதான் இருந்தது. "அந்த அக்கா அவ்வளவு ஆசையா வச்சாங்க, வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அவங்க முகத்தை எப்படிப் பாக்கறது" என்று நிலோஃபரின் நாத்தனார் என்னிடம் அழுதார். நான் சிரித்துக்கொண்டு உள்ளே விடவில்லை அக்கா.

அடுத்தது சீர் விஷயம். அந்தப் பகுதியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

பின்பக்கம் இரண்டு புது அறை கட்டி முடிந்தது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம், நிலோஃபரின் நாத்தனார் குடும்பமும் இருப்பார்கள். அடுப்பை நீங்கள்தான் பற்றவைக்க வேண்டும். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "ஏனாத்தா, நல்ல காரியத்துக்கு அவளப் போயிக் கூப்புடறயே" என்று ஆரம்பித்தார். "அக்கா வரலீன்னா பால் காச்சறதில்லீங்க அத்தை. ரூம் பூட்டியே கெடக்கட்டும்" என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

கேட்கவில்லை என்று எழுதினீர்கள். கேட்கிறேன். உங்களுக்கு எப்படி இருந்தால் சௌகரியம் அக்கா?

மேகலா

*

ஏற்காடு,
4.6.2025

கண்ணு மேகலா,

வருகிறேன்.

கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன். ஒன்று, ஐஸ்வர்யா பஸ் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். இன்னொன்று, அன்றைக்குச் சமையல் என்னுடையது. கறியைப் பாய் கடையில் நானே நின்று வாங்கி வருகிறேன், உன் தனிச் சட்டியில்தான் வைப்பேன். அந்த நாத்தனார் அம்மாவிடம் என் முகத்தைத் தாராளமாகப் பார்க்கலாம் என்று சொல். ஆனால் சாப்பிட்டுவிட்டு, உன் குழம்பை விட என் குழம்பு நன்றாக இருக்கிறது என்று உன் காதுபட ஒரு தடவை சொல்ல வேண்டும். எரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை, அது உடனே போகிற சாமான் இல்லை.

கடைசியாக ஒன்று. உன் மாமியார் வாசலுக்கு வந்து "வாங்க" என்று தன் வாயால் கூப்பிட வேண்டும். கூப்பிடும் வரை படியேற மாட்டேன், வெளியில்தான் நிற்பேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். அந்த அம்மாளுக்கு வாய் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

உன் அக்கா,
சுதாராணி